என் பட்டியல் இரண்டிலிருந்து தொடங்குகிறது

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப் போகிறது. ஆனாலும் டிசம்பர் பிறந்ததும் நம் தியேட்டர் ஆபரேட்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான கேள்வி வந்துவிட்டது: "அண்ணா, இந்த வருஷத்து லிஸ்ட் எவிட?" பட்டியல் எங்கே என்று.

உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது. திருவனந்தபுரத்தில் ஒரு பிரிவ்யூ தியேட்டரில் முப்பது வருடம் படம் ஓட்டினேன். படம் வெளியாவதற்கு முன்பும், பரிசுக்கோ விழாவுக்கோ தேர்வாவதற்கு முன்பும், சிலருக்கு மட்டும் போட்டுக் காட்டுகிற சின்ன அரங்கு. நாற்பத்திரண்டு நாற்காலிகள். வருடக் கடைசியில், அந்த வருடம் பார்த்ததில் எனக்குப் பிடித்த படங்களை ஒரு தாளில் எழுதிக் கேபின் கதவின் உள்பக்கம் ஒட்டி வைப்பேன். வெளிப்பக்கம் ஒட்டத் தைரியம் வந்ததில்லை. யாரோ ஒருவர் அதைப் புகைப்படம் எடுத்துக் குழுவில் போட்டதால்தான் உங்களுக்கெல்லாம் தெரிந்தது.

இந்த முறை படத்தின் பெயர் மட்டும் போதாது, காரணமும் வேண்டும் என்கிறீர்கள். கழக்கூட்டத்து மால் தியேட்டரில் வேலை பார்க்கிற பெண் இன்னொன்றும் கேட்டாள். "அண்ணா, ஆறு வருஷமா லிஸ்ட் ரெண்டிலிருந்துதான் தொடங்குது. ஒண்ணாம் நம்பர் எழுத மறந்து போகுதா?"

மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பள்ளியோடு நின்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டியல். பத்து என்று எண்ணிக்கை முடிவு செய்துகொண்டு படத்தைத் தேடுவது எனக்குப் பிடிக்காது. இந்த வருடம் தேறியது நான்கு.

இரண்டாம் இடம், லிஃப்ட் பழுது பார்க்கிற இருவரின் கதை. இருவரும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடிக்குழியில் ஒரு பகல் முழுவதும் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே ஒரு கல்யாண நிச்சயம் நடக்கிறது. கீழே இருக்கிறவர்களின் சத்தம் மேலே கேட்கிறது. யாரும் அதைச் சத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. இடைவேளைக்குப் பிறகு தேவையில்லாத ஒரு பாட்டு வந்து படத்தைக் கெடுக்கிறது. அந்தப் பாட்டை வைக்கச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மூன்றாவது, போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த படம். யானை வருகிறது, யானை வருகிறது என்று லயத்து வீடுகளில் ஒன்றரை மணி நேரம் பேசுகிறார்கள். யானை வரவே இல்லை. என் பக்கத்து நாற்காலிக்காரர் விளக்கு போட்டதும் எழுந்து, "யானைக்குக் கூட இந்தப் படத்தில் நடிக்க மனசில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பயம் மட்டும் வீடு வரை கூட வந்தது.

நான்காவது, வீட்டுக் கிணற்றை மூட மறுக்கும் ஓய்வு பெற்ற கோர்ட் குமாஸ்தாவின் படம். ஐந்தாவது, ஒரு பெரிய நடிகரின் படம். அதிலும் பன்னிரண்டு நிமிடம் மட்டும். தொலைபேசியில் மகள் பேசுவதை அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்கிற இடம். மீதி இரண்டு மணி நேரம் அவர் எல்லோரையும் அடிக்கிறார். ரசிகர்கள் விசில் அடித்தது அடிக்குத்தான்.

இந்த நான்கில் ஒன்று கூட, நான் முன்பு படம் ஓட்டிக் கொடுத்த அமைப்பின் 'ஆண்டின் சிறந்த படங்கள்' பட்டியலில் இல்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தவன் நான். ஒரு முறை அதைக் கெடுப்பதில் எனக்கும் பங்கு இருந்தது.

அந்த அமைப்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்துப் பெரிய அரங்கில் ஒரு வாரம் போடும். தேர்வுக்கு ஐந்து நடுவர்கள் வருவார்கள். ஐந்து நாளில் இருபது, இருபத்தைந்து படம் பார்க்க வேண்டும். பாரபட்சம் வரக் கூடாது என்று படங்களுக்குப் பெயர் சொல்ல மாட்டோம், எண்தான். முதல் நாற்பது நிமிடம் கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்கு மேல் மூன்று பேர் கை தூக்கினால் தலைவர் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிற பெல்லை அழுத்துவார். கேபினில் மணி அடிக்கும். நான் நிறுத்த வேண்டும். இந்த நாற்பது நிமிட ஏற்பாட்டைப் படம் அனுப்பியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பாவம், முழுவதும் பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் அவர்கள் படம் எடுக்கிறார்கள்.

நடுவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லா டிஸ்கும் என்னிடம் வந்துவிடும். சர்வரில் ஏற்றி, ஒலி சரியா, திரையின் அடியில் வரும் எழுத்து சரியா என்று ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் ஆங்காங்கே ஓட்டி விட்டு முடித்துவிடுவார்கள். நான் முழுவதும் பார்ப்பேன். அந்த வருடம் பதினேழாம் எண் படத்தை மூன்று முறை பார்த்தேன்.

விழிஞ்ஞத்துக் கடற்கரையில் ஒரு பெண். புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவன் செத்துப் போனான் என்று ஒரு காகிதம் வாங்க அவள் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். கேமரா அவள் பின்னாலேயே போகிறது. அவள் கழுத்து, கொண்டை, முதுகில் வியர்வையில் ஒட்டிய ரவிக்கை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் முகம் எல்லாம் தெரிகிறது. அவள் முகம் மட்டும் தெரியவில்லை. விண்ணப்பத்தில் ஒட்ட அவளுடைய போட்டோ வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். அவள் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் ஸ்டூலில் உட்காருகிறாள். போட்டோக்காரர் வழக்கம் போல, "சேச்சி, ஒண்ணு சிரிச்சே" என்கிறார். அப்போதுதான், முதல் முறையாக, அவள் முகத்தைப் பார்க்கிறோம். அவள் சிரிக்கிறாள்.

அது நாற்பத்து மூன்றாவது நிமிடம்.

டிஸ்கைக் கொண்டு வந்து கொடுத்தவன் அந்தப் படத்தை எடுத்தவனேதான். முப்பது வயது இருக்கும். அப்பா விழிஞ்ஞம், அம்மா குளச்சல் பக்கம். என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டான்.

"அண்ணே, படத்துல இருக்கது எங்க சித்தி. நடிகையெல்லாம் இல்ல, கேட்டியளா. சித்தப்பா உண்மையாவே வரல்ல."

"அவங்க படத்தப் பாத்தாங்களா?"

"லேப்டாப்ல காட்டல்ல. பெரிய தியேட்டர்ல முதல் வரிசையில உக்கார வெச்சுதான் காட்டுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன். இங்க செலெக்ட் ஆச்சுன்னா அது நடக்கும். இல்லேன்னா எனக்கு யாரு தியேட்டர் தருவா?"

முதல் வரிசையில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும், எட்டாவது வரிசைதான் நல்லது என்று சொன்னேன். சிரித்தான்.

வந்த வரிசைப்படி பதினேழாம் எண்ணுக்கு நான்காம் நாள் காலை பத்து மணி விழுந்திருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையை நான் எழுத வேண்டியிருக்காது.

நான் விடவில்லை. முந்தைய இரண்டு வருடமும் கடைசி நாளில் போட்ட படம்தான் முதலிடம் வாங்கியது. கடைசியில் பார்த்தது மனசில் நிற்கும் என்று எனக்கு ஒரு கணக்கு. நடுவில் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மறந்துவிடுவார்கள் என்று பயந்தேன். நம் ஊர்ச் சாப்பாடு உங்களுக்குத் தெரியும். போளியும் பால் பாயசமும் உள்ளே போன பிறகு நடுவர்களுக்குக் காலையில் பார்த்த படம் மட்டுமல்ல, வந்த காரியமே மறந்துவிடும். கண் திறந்தபடியே தூங்குகிற ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மதிப்பெண் மட்டும் சரியாகப் போடுவார்.

ஆனால் வரிசையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் செயலாளரிடம் ஒரு பொய் சொன்னேன்.

"சார், பதினேழு டிஸ்கில் சின்ன தகராறு உண்டு. எழுத்து ஒழுங்கா வரல்ல. சரியாக்கிக் கடைசி நாள் போட்டுத் தாறேன்."

"தகராறு டிஸ்கெல்லாம் எந்தினா எடுக்கணது அண்ணா? ஆகட்டும், இனி வந்ததல்லே" என்று, பழுதான டிஸ்கை ஏன் வாங்கினாய், சரி, வந்தது வந்துவிட்டது என்கிற மாதிரி சொல்லி அவர் காகிதத்தில் மாற்றி எழுதிக்கொண்டார். பதினேழின் இடத்தில் பதினெட்டு போனது.

பதினெட்டாம் எண் படத்தில் காயலும் மூன்று வள்ளப் படகும் ஒரு காதலும் இருந்தன. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு ஐந்து நடுவர்களும் குளித்து, நல்ல தோசை சாப்பிட்டு, விழித்த கண்ணோடு அதை முழுவதும் பார்த்தார்கள். ஒருவர் குறிப்பு கூட எடுத்தார்.

கடைசி நாள் மத்தியானம், சாப்பாடு முடிந்து கை கழுவுகிற நேரத்தில் செய்தி வந்தது. மறுநாள் ஹர்த்தால், ஒரு வண்டியும் ஓடாது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிமிடத்தில் அந்த இடமே ரயில்வே ஸ்டேஷன் மாதிரி ஆகிவிட்டது. தலைவர் வடக்கே போக வேண்டும். ஒருவர் எர்ணாகுளம். ஒருவருக்கு வீட்டில் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எல்லோரும் சாயங்காலத்துக்குள் கிளம்பியாக வேண்டும். இன்னும் மூன்று படம் பாக்கி. செயலாளர் கையைப் பிசைந்தார். தலைவர் சொன்னார், நாற்பது நாற்பது நிமிடம் பார்த்தால் சட்டப்படி சரிதான் என்று. அவர் சொன்னது தப்பில்லை. சட்டப்படி சரிதான்.

கடைசியாகப் பதினேழு தொடங்கும்போது செயலாளர் எழுந்து நின்று, "இது அந்தத் தகராறு டிஸ்க். வல்ல குழப்பமும் கண்டால் க்ஷமிக்கணம்" என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நான் சொன்ன பொய் என் கண் முன்னால் எழுந்து நின்று பேசியது.

கேபின் கண்ணாடி வழியாக அவர்கள் தலைகள் தெரியும். நம் வேலையில் முகம் பார்க்க முடியாது. தலையின் பின்பக்கத்தை வைத்தே படம் பிடிக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கப் பழகிவிடுவோம். பத்து நிமிடம் தலைகள் அசையவில்லை. எனக்குச் சந்தோஷம். இருபதாவது நிமிடத்தில் ஒரு தலை குனிந்தது, கைபேசி வெளிச்சம். முப்பதில் இரண்டு. கேபினில் அரங்கத்துச் சத்தம் கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. அதில் ஒரு குரல் வந்தது: "இவளுக்கு முகம் இல்லே? அதும் டிஸ்கிண்ட தகராறானோ?" எல்லோரும் சிரித்தார்கள்.

நாற்பது நிமிடம் ஆனதும் மணி அடித்தது.

மணி அடித்த அடுத்த நொடி படத்தை நிறுத்துகிறவன் என்று எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றினேன். இதைக் கவனமாகப் படியுங்கள். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு நிமிடம் மெஷின் சிக்கிக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். விளக்கு எரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வரிசையை மாற்றப் பொய் சொல்லத் தெரிந்தவனுக்கு, மூன்று நிமிடம் இழுக்க ஒரு பொய் வரவில்லை. கை தானாக நிறுத்திவிட்டது.

பார்த்தாயிற்று என்று நடுவர்கள் கையெழுத்துப் போட ஒரு தாள் உண்டு. அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் நின்றார். எடிட்டிங் வேலையில் பெயர் எடுத்த ஒரு அம்மா. ஐந்து நாளும் தூங்காதவர் அவர் ஒருவர்தான். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணன் இது முழுவன் கண்டதல்லே? இனி முன்னோட்டு வல்லதும் உண்டோ?"

நான் முழுவதும் பார்த்தவன்தானே, மேற்கொண்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். முப்பது வருடத்தில் என்னிடம் ஒரு படத்தைப் பற்றி ஒரு நடுவர் கேட்ட முதல் கேள்வி. பதில் ஒரு வரிதான். மூன்று நிமிடம் உட்காருங்கள் அம்மா. அவ்வளவுதான். மலையாளத்திலும் அது ஒரு வரிதான்.

அதற்குள் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "எடோ, ஆபரேட்டரிடம் அபிப்பிராயம் சோதிக்கானாணெங்கில் நம்மள் அஞ்சு பேரு எந்தினா இவிடெ?" ஆபரேட்டரைக் கேட்பதென்றால் நாம் ஐந்து பேர் எதற்கு என்கிறார்.

நாய்க்காரரும் சிரித்தார். செயலாளரும் சிரித்தார். கேலி பெரிதில்லை. தலைவர் கெட்டவரும் இல்லை. தினமும் என்னிடம் சாயா குடித்தாயா என்று கேட்பவர். ஆனால் ஐந்து படித்தவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு என் ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

"எனிக்கு அறிஞ்ஞூடா மேடம்" என்றேன்.

எனக்குத் தெரியாது என்று.

மூன்று முறை பார்த்த படம். அந்த அம்மா என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

நாலரை மணிக்குப் பட்டியல் தயார். வள்ளங்கள் ஒன்பதாம் இடத்தில் இருந்தன. பதினேழு எங்கேயும் இல்லை. தேர்வு முடிந்த அன்றே எல்லாப் படத்தையும் சர்வரிலிருந்து அழித்துவிட வேண்டும் என்பது விதி. அதையும் அன்றே செய்தேன். தாமதமே இல்லை.

ஹர்த்தாலுக்கு மறுநாள் அவன் டிஸ்கை வாங்க வந்தான். முடிவு அவனுக்கு ஃபோனில் வந்திருந்தது. ரசீதுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகாமல் நின்றான்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா சொல்லுவியளா? முழுசும் பாத்தாவளா?"

நாற்பது நிமிடம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நடுவர் குழுவில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது, வேலை போகும். அதை விட, இவன் மனசு உடைந்துவிடும் என்று நினைத்தேன். பாதியில் தூக்கிப் போட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

"பாத்தாவ தம்பி. முழுசும் பாத்தாவ."

"அந்த ஸ்டூடியோ சீன்ல யாரும் ஒண்ணும் சொல்லல்லியா?"

"ஒண்ணும் பேசல்ல."

அவன் தலையை ஆட்டினான். ரொம்ப மெதுவாக ஆட்டினான். "அப்போ சரி. அப்போ அது வேல செய்யல்ல" என்றான். டிஸ்கைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். நான் அவனுக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்தேன். அன்று சாயா நன்றாக இருந்தது கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த வருடக் கடைசியில்தான் என் பட்டியலை இரண்டிலிருந்து தொடங்கினேன். ஒன்றாம் இடத்தில் அந்தப் படத்தின் பெயரை எழுதப் பேனாவை எடுத்தேன். கதவின் உள்பக்கம்தான், யாரும் பார்க்கப் போவதில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனாலும் எழுத முடியவில்லை. தெரியாது என்று சொன்னவனின் கை அது. அடுத்தடுத்த வருடங்களில் வேறு நல்ல படங்கள் வந்தன. எதை ஒன்றாம் இடத்தில் வைத்தாலும் அது இன்னொருத்தியின் நாற்காலியில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

வேலையில் இருந்தவரை அவனைத் தேடவில்லை. வேலை போய்விடும் என்பதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். ஓய்வு பெற்றதும் அந்தக் காரணம் இல்லாமல் போனது. ரசீதுப் புத்தகத்திலிருந்து முன்பே குறித்து வைத்திருந்த எண்ணைக் கூப்பிட்டேன். "வாங்க அண்ணே, துறைமுகத்து கேட்டுக்கு எதிர்ல ஒரு சாயாக்கடை உண்டு" என்றான்.

விழிஞ்ஞம் பஸ்ஸில் ஏறி, காலையில் போய்ச் சேர்ந்தேன். அவன் ஒளிரும் பச்சைச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக வந்தான். கொஞ்சம் பருத்திருந்தான்.

"என்ன வேல தம்பி?"

"பெட்டி நம்பர் பாக்குற வேல. கண்டெய்னர் வருதுல்லா, கேமரா அதப் படம் பிடிக்கும். நான் ஸ்க்ரீன் முன்னால உக்காந்து நம்பர் சரியான்னு பாக்கணும். நாள் முழுக்க." சிரித்தான். "கேமரா வேலதான் அண்ணே, விட்டுப் போகல்ல."

"அப்புறம் படம் ஒண்ணும் எடுக்கல்லியா?"

"இல்ல."

நான் சொன்னேன். வரிசையை மாற்றியது, டிஸ்க் தகராறு என்று சொன்னது, ஹர்த்தால், நாற்பது நிமிடம். எல்லாவற்றையும் சாயா ஆறும் வரை சொன்னேன். நாற்பது நிமிடம் என்றபோது மட்டும் அவன் நிமிர்ந்தான்.

"நாப்பதா?"

"நாப்பது."

"மொகம் நாப்பத்தி மூணுல வரும்."

"தெரியும்."

"அத முப்பத்தஞ்சுக்குக் கொண்டு வருவோம்னு எடிட்டர் சொன்னான். நான்தான் சம்மதிக்கல்ல. இன்னும் ரெண்டு ஆபீஸ் ஏறி எறங்கட்டும், அப்பதான் அந்தச் சிரிப்பு நிக்கும்னு சண்ட போட்டேன்." கண்ணாடி டம்ளரைத் திருப்பினான். "அப்போ நீங்க ஏன் முழுசும் பாத்தாவன்னு சொன்னீய?"

"உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு."

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னான்.

"முழுசும் பாத்தாவ, அந்த சீன்ல யாரும் ஒண்ணும் சொல்லல்லன்னா என்ன அர்த்தம் அண்ணே? அந்த சீன் கொள்ளாது, நல்லால்லன்னு அர்த்தம். நான் அத வெட்டிட்டேன். ஸ்டூடியோவே இல்லாம ஒரு படம் பண்ணி அதே டிஸ்க்ல ஏத்தி வேற ரெண்டு இடத்துக்கு அனுப்பினேன். ரெண்டு இடத்துலயும் எடுக்கல்ல. எப்பிடி எடுப்பாவ? அதுல ஒண்ணும் இல்லியே."

"பழசு?"

"எடிட்டர் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. அவன் எல்லாம் வித்துட்டு கல்ஃப் போயிட்டான். அந்த ஸ்டூடியோ சீன் இப்போ எங்கயும் இல்ல." கடல் பக்கம் பார்த்தான், கிரேன்கள்தான் தெரிந்தன. "பள்ளி ஹால்ல ஒரு நாள் சித்திக்குப் போட்டுக் காட்டினேன். வெட்டின படத்ததான். முடிஞ்சதும் கேட்டா, 'மக்கா, அன்னிக்கு நான் சிரிச்சேனே, அது எங்கடே?'ன்னு. நல்லா வரல்ல சித்தின்னு சொல்லிட்டேன்."

இந்த வருடப் பட்டியலில் ஒன்றாம் இடத்தில் அவன் படத்தின் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். அதற்காகவும்தான் போயிருந்தேன்.

"வேண்டாம். அந்தப் பேர்ல இப்போ இருக்கது மொகம் இல்லாத படம். அத ஒண்ணாம் நம்பர்னு எழுதினா யாராவது தேடிப் பாத்துட்டு உங்கள சிரிப்பாவ." பிறகு, "எம் பேரும் வேண்டாம். கதைய வேணும்னா உங்க ஆபரேட்டர் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்றான்.

அதனால்தான் பெயர் இல்லாமல் எழுதுகிறேன். உங்களிடமும் டிஸ்குகள் வரும். உங்களுக்கும் ஒரு படம் பிடித்துப் போகும். அதற்கு உதவி செய்கிறேன் என்று வரிசையில் கை வைக்காதீர்கள். மணி அடித்தால் உடனே நிறுத்துகிறவன் என்ற நல்ல பெயர் நமக்குத் தேவையே இல்லை. பாதியில் நிறுத்தினார்கள் என்றால் பாதியில் நிறுத்தினார்கள் என்றே சொல்லுங்கள். உண்மை தெரிந்தால் படம் எடுத்தவன் நடுவர்களைத் திட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவான். நான் சொன்ன ஆறுதலைக் கேட்டவன் தன் படத்தையே வெட்டினான். எப்போதாவது ஒருவர் உங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால், கூசிக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை.

அன்று சாயாக்கடையில், எழுந்து காசு கொடுக்கப் போனவன் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, டியூட்டிக்குப் பத்து நிமிஷம் உண்டு. நீங்க மூணு தடவ பாத்தீயல்லா. சொல்லுங்க. அந்த சிரிப்பு எப்பிடி இருந்துச்சு? எனக்கே சரியா ஞாபகம் இல்ல."

சொன்னேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள், நான் அவர்களைக் கவனிக்கவில்லை. "ஸ்டூல் உயரமா இருக்கும். கால் தரையில எட்டாது. சிரின்னு சொன்னதும் மொதல்ல சேலத் தலைப்ப எடுத்துத் தோள்ல சரி பண்ணுவாங்க, கல்யாண வீட்டுல போட்டோவுக்கு நிக்கிற மாதிரி. சிரிப்பு டக்குன்னு வந்துரும். கஷ்டப்பட்டு வர்ற சிரிப்பில்ல. ஒரு பக்கப் பல்லு இருக்காது. இந்த அம்மா இவ்வளவு நல்லா சிரிக்கிறவங்களான்னு நமக்கே அப்பதான் தெரியும். அப்பறம் எதுக்கு இந்த போட்டோன்னு அவங்களுக்கு ஞாபகம் வரும். கண்ணுல மொதல்ல அணையும். வாய் அப்படியே நிக்கும். அதுக்கு என்ன செய்யணும்னு தெரியாது. அந்த நேரம் பாத்து போட்டோக்காரன் அமுக்கிடுவான். அந்த போட்டோவத்தான் பாரத்துல ஒட்டுவாங்க. ஆபீஸர் அதப் பாத்துட்டு, பிறகு அவங்களப் பாப்பாரு. புருஷன் செத்ததுக்கு இவ சிரிச்சுட்டு நிக்காளேன்னு."

நான் ஒரு படத்தைப் பற்றி என் வாழ்நாளில் இவ்வளவு பேசியதில்லை. அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டு கேட்டான். துறைமுகத்துச் சங்கு ஊதியது. எழுந்து, கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டான்.

"இத அன்னிக்கு அந்தம்மா கேட்டப்போ சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றான். சாலையைக் கடந்து, கேட்டில் அட்டையைக் காட்டி உள்ளே போனான்.